மகள் விஸ்காம் படிக்கிறேன் என்கிறாள். யூடியூப் இருக்கும்போது இதற்கு மூன்று வருடம் தேவையா?

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகள் இன்ஜினியரிங் வேண்டாம், விஷுவல் கம்யூனிகேஷன்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், கேமராவும் எடிட்டிங்கும் யூடியூபிலேயே இலவசமாகக் கிடைக்கும்போது மூன்று வருடமும் இவ்வளவு பணமும் எதற்கு, படித்து முடித்தால் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். 2011 மே மாதம் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது. அப்பா இதையேதான் கேட்டார். பெரியப்பா வந்து "பொம்பளப் புள்ளய சினிமாவுக்கா அனுப்பப் போற?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனதில் இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நான் திண்டுக்கல்காரி. வெளியூரில் ஒரு கல்லூரியில் விஸ்காம் சேர்ந்து 2014-ல் முடித்தேன், இப்போது சென்னையில் ஒரு செய்தி சேனலில் டெஸ்க்கில், அதாவது செய்திகளை எழுதித் திருத்தி ஒளிபரப்புக்குத் தயார் செய்யும் பிரிவில் இருக்கிறேன். படிக்க வையுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கேமரா கற்றுக்கொள்ளத்தான் அனுப்புகிறோம் என்று நினைத்து அனுப்பாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் எங்களுக்கு ஆவணப்படம் ஒரு பேப்பர். நான்கு பேர் ஒரு குழு, பத்து நிமிடப் படம். எங்கள் ஊர்ப் பூட்டையே எடுக்கலாம் என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். நாங்கள் போன சமயத்தில் அந்தப் பேச்செல்லாம் கிடையாது, அலிகாரிலிருந்து வரும் மெஷின் பூட்டு மலிவாகக் கிடைத்ததால் கைப்பூட்டுப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஒரு சின்னப் பட்டறையில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் கிடைத்தார், மாங்காய்ப் பூட்டு செய்கிறவர். மேலே ஒரு டியூப் லைட், மூலையில் ஒரு மேஜை ஃபேன். அவர் சட்டையில் காலர் மைக்கை மாட்டிவிட்டு நான் எதிரே உட்கார்ந்துகொண்டேன். சாவியின் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டே பேசினார், பேச்சும் அரத்தின் சத்தமும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தன.

"உங்க பிள்ளைங்க யாராவது இந்தத் தொழிலுக்கு வந்தாங்களாய்யா?" என்று கேட்டேன்.

"மூத்தவன் வந்தான் தாயி" என்றார். அரத்தைக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. இரண்டு விநாடி, மூன்று விநாடி. எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை, ஏதோ தப்பாகப் போகிறது என்று பயமாக இருந்தது, மடியில் இருந்த தாளில் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. "சரிங்கய்யா, ஒரு நாளைக்கு எத்தனை பூட்டு செய்வீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் அரத்தை மறுபடி எடுத்துக்கொண்டு "ரெண்டு, மூணு" என்றார்.

அடுத்த வாரம் ரஷ்ஷஸ், அதாவது எடிட் செய்யாத காட்சிகளைப் போட்டுப் பார்த்தோம். முதலில் கண்ணில் பட்டது வேறு ஒரு தப்பு. திரையில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் மெதுவாக ஊர்ந்தபடி இருந்தன. கேமரா ஷட்டரை 125-ல், அதாவது விநாடியில் 125-ல் ஒரு பங்கில் வைத்து எடுத்திருந்தோம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட பழைய டியூப் லைட் விநாடிக்கு நூறு முறை மங்கி மங்கி எரியும், ஷட்டரை ஐம்பதிலோ நூறிலோ வைத்திருந்தால் பட்டை வந்திருக்காது. எங்கள் சார் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டார். அப்புறம் பெரியவர் அரத்தைக் கீழே வைக்கும் இடத்தில் நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். மூன்று முறை போட்டார்.

"மூத்தவன் வந்தான்னு சொன்னார். அப்புறம் அவனுக்கு என்ன ஆச்சு?"

எங்கள் நான்கு பேரில் யாருக்கும் தெரியவில்லை.

"அவர் சொல்லத்தான்மா வந்தார். நீ விடலை."

அந்த வாக்கியத்தை வீட்டில், பஸ்ஸில், எங்கே போனாலும் சுமந்துகொண்டு திரிந்தேன். இரண்டு வாரம் கழித்துத் தனியாக அதே பட்டறைக்குப் போனேன். காபி வாங்கிக் கொடுத்தார், நன்றாகப் பேசினார், படம் எப்போது வரும் என்று விசாரித்தார். மூத்த மகனைப் பற்றி அன்றைக்கு ஏதோ சொல்ல வந்தீர்களே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "என்ன சொல்ல வந்தேன்னு ஞாபகம் இல்லையே தாயி" என்று சிரித்தார். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எனக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. படம் அந்த இடம் இல்லாமலேயே முடிந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். டியூப் லைட் பட்டை விஷயம் யூடியூபில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும், எங்கள் சார் சொன்னதைவிடத் தெளிவாகவே படம் போட்டு விளக்குவார்கள். ஷாட் வகைகள், லைட்டிங், பிரீமியர், டாவின்சி போன்ற எடிட்டிங் மென்பொருள்கள், எதுவானாலும் உங்கள் மகள் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளவும் வேண்டும். ஆனால் நான் அந்தப் பெரியவரைப் பேச விடவில்லை என்பதை யூடியூப் எனக்குச் சொல்லியிருக்காது, ஏனென்றால் யூடியூபில் நான் மற்றவர்கள் எடுத்ததைப் பார்க்கிறேன், நான் எடுத்ததை உட்கார்ந்து பார்த்து இந்த இடத்தில் நிறுத்து என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. ஒரு நல்ல விஸ்காம் துறை கொடுக்கக்கூடியது இதுதான், மூன்று வருடம், நாம் செய்ததைப் பார்த்துத் திருத்துகிற ஒரு ஆள், கூடவே தப்புச் செய்து கற்றுக்கொள்கிற முப்பது நாற்பது பேர். என்னோடு பூட்டுப் படம் எடுத்த மூவரில் ஒருத்தி இன்றைக்கும் நான் எழுதும் ஸ்கிரிப்டை முதலில் படிக்கிறவள்.

அந்த ஆள் இல்லாத கல்லூரியும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாடத்துக்கு ஒரு பிபிடி, செமஸ்டர் கடைசியில் ஒரு ரெக்கார்டு நோட்டு, கேமரா பீரோவில் பூட்டியபடி. அப்படி ஒரு இடத்தில் சேர்த்தால் உங்கள் கேள்வி நியாயமான கேள்விதான், யூடியூபே போதும்.

தியரி பேப்பர்களைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் பையன்களும் பெண்களும் வெறுப்பது அதைத்தான், நானும் முதல் வருடம் தூங்கி வழிந்திருக்கிறேன். மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இருவர் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சாப்பல் ஹில் ஊர் வாக்காளர்களிடம் ஆய்வு செய்து 1972-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று பாடத்தில் வரும். ஊடகங்கள் எதை முக்கியம் என்று திரும்பத் திரும்பக் காட்டுகின்றனவோ அதையே மக்களும் முக்கியம் என்று சொன்னார்கள் என்பது அதன் சாரம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிட்டேன். இப்போது சாயங்காலம் ஆறு மணிச் செய்திக்கு ரன்டவுன், அதாவது எந்தச் செய்திக்குப் பின் எது என்ற வரிசை போடும்போது, ஒரு கிராமத்தில் குடிநீர் இல்லாமல் மறியல் செய்த செய்தியைப் பதினான்காவது இடத்துக்குத் தள்ளினால் அது நேரம் இல்லாமல் விழுந்துவிடும் என்று தெரிந்தே தள்ள வேண்டி வருகிறது. அந்தக் கட்டுரை அப்போது தினமும் நினைவுக்கு வருகிறது, சில நாள் அதற்காகச் சண்டை போட்டு அந்தச் செய்தியை மேலே ஏற்றியும் இருக்கிறேன்.

ஊடகச் சட்டம் என்ற பேப்பர் அதைவிட முக்கியம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் ஒரு ராத்திரி ஷிஃப்டில், பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியைப் பற்றிய செய்திக்கு விஷுவல் வந்தது. முகத்தை மறைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் பின்னணியில் தெருப்பெயர்ப் பலகை முழுதாகத் தெரிந்தது, சீருடையின் நிறமும் பேட்ஜும் தெரிந்தன. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு குழந்தையின் பெயர், புகைப்படத்தோடு நிற்பதில்லை. முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் தெரியவைக்கும் வேறு எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. எங்கள் மேடம் வகுப்பில் இந்த வரியை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் படிப்பார், "முகத்தை மறைச்சா போதும்னு நினைக்காதீங்க, அந்தத் தெருவுல இருக்கிறவங்களுக்கு வாசல் கோலமே போதும்" என்பார். அந்த ராத்திரி எனக்கு அவர் குரல்தான் கேட்டது. விஷுவலை எடுத்துவிட்டு வெறும் கிராபிக்ஸ் கார்டோடு செய்தியைப் போட்டோம். எங்கோ ஒரு குழந்தை மறுநாள் தன் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க அது உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் தமிழ். உங்கள் மகளுக்கு எழுத வருமா? வராவிட்டாலும் பரவாயில்லை, எழுதப் பிடிக்குமா? 1904-ல் சுதேசமித்திரனில் சேர்ந்த பாரதி ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று பத்திரிகை வரலாற்றில் படித்தோம். இன்றும் டெஸ்க் வேலையில் பாதி அதுதான், செய்தி ஏஜென்சி ஆங்கிலத்தில் அனுப்புவதைக் காதுக்கு உகந்த தமிழில் சொல்ல வேண்டும். நன்றாக எடிட் செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கிடைக்கிறார்கள். ஒரு நிமிட வாய்ஸ் ஓவரைப் பிழையில்லாமல், மூச்சு விட இடம் வைத்து எழுதுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வேலை, சம்பளம். என் முதல் சம்பளம் ஒன்பதாயிரம் ரூபாய், அதில் ஹாஸ்டலுக்குப் போக மிச்சம் ஒன்றுமில்லை, முதல் இரண்டு வருடம் அப்பா பணம் அனுப்பினார். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சேருங்கள். என்னோடு படித்தவர்களில் சினிமாவில் இருப்பவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் விளம்பரக் கம்பெனி, கல்யாண போட்டோகிராபி, ஐடி கம்பெனியில் டிசைன், ஒருத்தி தொண்டு நிறுவனத்தில் படம் எடுக்கிறாள், ஒருவன் பேங்க் பரீட்சை எழுதிப் போய்விட்டான். ராத்திரி ஷிஃப்ட் இருக்கும். வேலைக்குச் சேரும்போதே வீட்டுவாசல் வரை வண்டி உண்டா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வரலாறோ பொருளாதாரமோ தமிழோ இளங்கலையில் படித்துவிட்டு அப்புறம் ஊடகத்துக்கு வரலாம். சென்னை தரமணியில் ஏசிஜே என்ற இதழியல் கல்லூரி முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது, பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. இதழியல் இருக்கிறது, சினிமாதான் குறி என்றால் தரமணியிலேயே எம்.ஜி.ஆர். பெயரிலான அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம், புனேயில் எஃப்டிஐஐ என்ற மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி. பொருளாதாரம் படித்துவிட்டு வந்த என் சக ஊழியர் பட்ஜெட் நாளில் எங்கள் எல்லாரையும்விட உயரத்தில் நிற்பார். உங்கள் மகளுக்கு வேறொரு பாடத்திலும் ஆசை இருந்தால் இதைத் தாராளமாக யோசிக்கலாம்.

கல்லூரி பார்க்கப் போவதென்றால் அட்மிஷன் கூட்டம் இருக்கும் நாளில் போகாமல் கல்லூரி நடக்கும் ஒரு வேலை நாளில் மத்தியானம் போங்கள். எடிட் லேபில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா, இல்லை கதவு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். போன வருட மாணவர்கள் எடுத்த படம் இரண்டைக் கேட்டுப் பாருங்கள், மாணவர்களே தயாரிக்கும் லேப் ஜர்னல் என்ற பத்திரிகை வருகிறதா, வந்தால் அதில் மாணவர்கள் ஊருக்குள் போய் எடுத்த செய்தி இருக்கிறதா என்று புரட்டுங்கள். சமுதாய வானொலி இருந்தால் மிகவும் நல்லது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி அதுதான், அதற்குப் பிறகு நம் மாநிலத்தில் பல கல்லூரிகளுக்கு வந்துவிட்டது. படமே இல்லாமல் குரலை மட்டும் வைத்து ஒருவரை அரை மணி நேரம் கேட்க வைக்கப் பழகினால் மற்றது எல்லாம் எளிதாகிவிடும். இரண்டாம் வருட மாணவி ஒருத்தியை ஓரமாகக் கூப்பிட்டு, "நீ செய்ததை யாராவது பார்த்துத் திருத்துகிறார்களாம்மா?" என்று மட்டும் கேளுங்கள்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் கையில் போனைக் கொடுத்து, வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்களோடு இருபது நிமிடம் பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சாயங்காலம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். பாட்டி எங்கே பேச்சை நிறுத்தினார், அங்கே உங்கள் மகள் என்ன செய்தாள் என்று அவளே கவனிக்கிறாளா பாருங்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.