கேள்வி பதில்: சிப்பாங் போகும் முன் டயரைக் கொஞ்சம் பாருங்கள்

மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்தில் நம் சொந்தக் காரையே ஓட்டிப் பார்க்கும் 'டிராக் டே' பற்றிப் போன இதழில் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி டயரைப் பற்றித்தான். எஞ்சின், பிரேக் எல்லாம் இன்னொரு நாள். இந்த மாதம் டயர் மட்டும்.

அண்ணே, என்னுடையது எட்டு வயது ஸ்விஃப்ட் ஸ்போர்ட். அடுத்த மாதம் முதல் முறையாக சிப்பாங்கில் ஓட்டப் போகிறேன். கூட வருகிறவர்கள் எல்லாரும் பந்தய டயர் மாதிரியான செமி-ஸ்லிக் போட்டிருக்கிறார்கள், சாதா டயரில் வந்தால் காசு வீண் என்கிறார்கள். வாங்கிவிடட்டுமா?
*ஈசூன் வாசகர்*

வேண்டாம் தம்பி. முதல் நான்கைந்து தடவைக்குச் சாதா டயரே போதும், அதுவும் பாதி தேய்ந்த டயராக இருந்தால் இன்னும் நல்லது.

வளைவில் சக்கரம் பார்க்கிற திசையிலேயே கார் போவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கோணம் விழுகிறது, அந்தக் கோணத்தில் ரப்பர் முறுக்கிக்கொண்டு தரையைக் கவ்வுவதைத்தான் நாம் பிடிமானம் என்கிறோம். கோணம் கூடக் கூடப் பிடிமானமும் கூடும், ஓர் உச்சத்துக்கு வரும், அதைத் தாண்டினால் இறங்கும். சாதா டயர் உச்சத்துக்கு வரும் முன்பே கத்த ஆரம்பித்துவிடும், தாண்டிய பிறகும் சட்டென்று கைவிடாது, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். செமி-ஸ்லிக் அவ்வளவாகச் சத்தம் போடாது. பிடித்துக்கொண்டே இருக்கும், இருக்கும், அப்புறம் விட்டுவிடும், அது விடும்போது நீங்கள் சாதா டயரில் போயிருக்கக்கூடிய வேகத்தை விட அதிக வேகத்தில் இருப்பீர்கள். புதிதாக ஓட்டுகிறவருக்கு அந்தச் சத்தம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியார் மாதிரி, அவரை ஏன் இறக்கிவிட வேண்டும்?

பாதி தேய்ந்தது ஏன் என்றால், புது சாதா டயரில் பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். அவ்வளவு உயரமான ரப்பர் கட்டைகள் வளைவில் ஜெல்லி மாதிரி ஆடும், ஆடினால் சூடாகும், மூன்று நான்கு வேகமான சுற்றுக்குள் வெண்ணெய் தடவியது போலாகிவிடும். தேய்ந்த டயரில் கட்டை குட்டை, அதனால் ஆட்டமும் குறைவு. வெளிநாட்டில் புது டயரை இதற்காகவே சீவிக்கொண்டு வந்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் ஓட்டினாலே தானாகத் தேயும். டயர் வழுக்க ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம், ஒரு சுற்று மெதுவாகப் போங்கள், சிப்பாங் சுற்று 5.543 கி.மீ. நீளம், அதற்குள் ஆறிவிடும்.

கார் கதவு ஸ்டிக்கரில் போட்டிருக்கிற மாதிரி 33 பிஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டு போனேன். முதல் இரண்டு சுற்று அருமை, ஐந்தாவது சுற்றில் முன்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. டயர் கெட்டுவிட்டதா?
*உட்லண்ட்ஸ் வாசகர்*

டயர் நன்றாகத்தான் இருக்கிறது. காற்றுதான் எகிறிவிட்டது.

ஸ்டிக்கரில் இருக்கும் எண் ஆறிப்போன டயருக்கு, சாலைக்கு, குடும்பத்தோடு ஜொகூர் பாரு போய் சாப்பிட்டு வருவதற்கு. தடத்தில் நாம் பார்க்க வேண்டியது சூடான அழுத்தம். மூடிய டயருக்குள் காற்று சூடானால் அழுத்தம் ஏறும், கிட்டத்தட்ட 6, 7 டிகிரி செல்சியஸுக்கு 1 பிஎஸ்ஐ. காலையில் 28 டிகிரியில் 28 பிஎஸ்ஐ வைத்த டயர், உள்ளே 75 டிகிரி ஆனதும் 35-ஐத் தொட்டுவிடும். அப்படியென்றால் உங்கள் 33 நாற்பதைத் தாண்டியிருக்கும். டயரின் நடுப்பகுதி உப்பி, தரையில் படுகிற பரப்பு சுருங்கி, அந்தச் சின்ன இடத்திலேயே எல்லா வேலையும் நடந்து இன்னும் சூடாகி, இப்படியே ஒன்று மற்றதைத் தூக்கிவிட்டுக்கொண்டே போகும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் நான்கு டயருக்கும் 29 வைப்பேன். மூன்று சுற்று போய்விட்டு நேரே பிட்டுக்கு வந்து, பேச்சு கொடுக்க வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, முதலில் காற்றழுத்தம் பார்க்கும் அளவுகோலை எடுப்பேன். இரண்டு நிமிடம் விட்டால் ஆற ஆரம்பித்துவிடும், அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சாதா டயரில் சூடாக 34, 35 என் காருக்கு ஒத்துவந்தது, செமி-ஸ்லிக்கில் 31, 32. உங்கள் கார் கனமாக இருந்தால் எண் மாறும், அதனால் என் எண்ணை அப்படியே நகலெடுக்காதீர்கள். அதிகமாக இருந்தால் இறக்கிவிடுங்கள். அடுத்த ஓட்டத்துக்குள் டயர் ஆறி எண் குறைவாகக் காட்டும், அதைப் பார்த்துப் பதறி மறுபடி அடித்துவிடாதீர்கள், பாதிப் பேர் செய்கிற தப்பு இதுதான்.

அளவுகோல் இல்லாமலே பார்க்க ஒரு வழி உண்டு. வெள்ளைப் பள்ளிக்கூடக் காலணிக்குப் பூசுவோமே, அந்தத் திரவப் பாலிஷை டயரின் ஓரத்தில், தரைப்பகுதியும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில், மூன்று இடங்களில் கோடாகத் தடவுங்கள். ஓட்டி வந்து பாருங்கள். பக்கச்சுவர் வரைக்கும் வெள்ளை அழிந்திருந்தால் டயர் மடிந்து உருள்கிறது, காற்று குறைவு. தரைப்பகுதியின் ஓரத்தில்கூட வெள்ளை அப்படியே இருந்தால் காற்று அதிகம். நிறைய டயர்களில் அந்த ஓரத்தில் ஒரு குட்டி முக்கோணம் இருக்கும், தேய்மானம் அதன் முனை வரை வந்து நின்றால் சரி.

இதில் நான் பட்ட பாடு ஒன்று. முதல் வருடம், கடைசி ஓட்டம் முடிந்ததும் சூடாக 33-க்கு இறக்கியதோடு மறந்துவிட்டேன். ஆறியதும் அது 26. கார் நிறைய சாமான், கூட இரண்டு பேர், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். மச்சாப் ஓய்விடத்தில் இறங்கித் தொட்டுப் பார்த்தால் பக்கச்சுவர் தோசைக்கல். அந்த இரண்டு டயர்களையும் அப்புறம் நம்பி ஓட்ட மனம் வரவில்லை, மாற்றிவிட்டேன். சிப்பாங் வாசலை விட்டு வெளியே வருமுன் முதல் வேலை காற்றடிப்பது என்று ஸ்டியரிங்கில் ஒரு டேப் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன், இன்னமும் இருக்கிறது. கடற்பாலம் தாண்டி ஜொகூர் போகும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் விதியை மறக்காத நாம், இதை எப்படி மறக்கிறோமோ!

டயரில் 'டிரெட்வேர் 200', '100' என்று இருக்கிறதே, குறைந்தால் பிடிமானம் அதிகம் என்கிறார்கள். உண்மையா?
*தெம்பனிஸ் வாசகர்*

பாதி உண்மை. அது அமெரிக்க அரசு கேட்கும் தேய்மான எண். டெக்சஸில் சுமார் 7,200 மைல் சாலையில் ஓட்டி, ஒப்பீட்டு டயரோடு எவ்வளவு தேய்ந்தது என்று பார்ப்பார்கள், 100-ஐ விட 200 இரண்டு மடங்கு உழைக்க வேண்டும் என்பது கணக்கு. அது பிடிமானத்தை அளப்பதே இல்லை. அதோடு, எண்ணைப் போட்டுக்கொள்வது டயர் நிறுவனமே. பல நாடுகளில் அமெச்சூர் பந்தயங்களுக்கு '200-க்குக் கீழே கூடாது' என்று விதி வந்ததும், அதிசயமாக எல்லாருடைய வேகமான டயரும் சரியாக 200-இல் வந்து நின்றது.

உதாரணம் வேண்டுமா? யோகோஹாமா அட்வான் ஏ052, ஹான்கூக் ஆர்எஸ்4, இரண்டிலும் 200 என்றுதான் போட்டிருக்கும். முதலாவது சீக்கிரம் சூடேறி ஒன்றிரண்டு சுற்றுக்கு அள்ளிக்கொடுக்கும், நம் வெயிலில் தொடர்ந்து விரட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வேகமாகவும் தேயும். இரண்டாவது அவ்வளவு வேகமில்லை, ஆனால் நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடும். சிப்பாங்கில் இருபது நிமிட ஓட்டம் ஓட்டுகிற நமக்கு எது லாபம் என்று நீங்களே பாருங்கள். டோயோ ஆர்888ஆர் 100, மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, அது ஒரு தோராயமான வரிசை, அவ்வளவுதான்.

அந்த எண்ணை விட, தயாரித்த தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம், 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். கடையில் தள்ளுபடி என்று எடுத்துக் காட்டும் டயரில் இதை முதலில் தேடுங்கள்.

என் முன் டயர்கள் வெளி ஓரம் மட்டும் மழமழவென்று தேய்ந்துவிட்டன, உள் பக்கம் புதிது. அதிலும் இடது பக்கம் ரொம்ப மோசம். ஒர்க்‌ஷாப்பில் 'அலைன்மென்ட் சரி' என்கிறார்கள்.
*ஜூரோங் வெஸ்ட் வாசகர்*

சாலைக்கு சரிதான். சிப்பாங்கின் 15 வளைவுகளில் 10 வலது, 5 இடது. வலது பக்கம் திரும்பும்போது எடை இடது பக்கம் சாயும், ஆக இடது முன் டயர்தான் அன்றைய கூலியாள். கார் சாயும்போது சக்கரமும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஓரத்தில் நிற்கிறது. அதற்குத்தான் நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலையை உள்பக்கம் சாய்த்து வைப்பது. பெரும்பாலான முன்சக்கர ஓட்டக் கார்கள் கடையிலிருந்து வரும்போது ஒரு டிகிரிகூட இருக்காது, தடத்தில் இரண்டரை, மூன்று வரை கேட்கும். தினமும் வேலைக்கு ஓட்டுகிற காருக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டயரின் வடிவம் அனுமதித்தால் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டால் இன்னொரு பாதி ஆயுள் கிடைக்கும்.

என் மகன் செமி-ஸ்லிக் டயரைப் போட்டுக்கொண்டு இங்கேயும் ஓட்டுகிறான். மழை வந்தால் எனக்குத் தூக்கம் போகிறது. நான் பயப்படுவது சரியா?
*செங்காங் வாசகி*

சரிதான் அக்கா. நீங்கள் பயப்படுங்கள், அவரையும் கொஞ்சம் பயப்படச் சொல்லுங்கள்.

டயரின் பள்ளம் தண்ணீரை வெளியே தள்ளத்தான் இருக்கிறது, காய்ந்த தரையில் அதற்கு வேலையே இல்லை. அதனால்தான் ஃபார்முலா 1 காரின் ஸ்லிக் டயர் வழுவழுவென்று இருக்கிறது. செமி-ஸ்லிக்கில் பள்ளம் குறைவு, ஆழமும் குறைவு. தண்ணீர் வெளியே போக வழியில்லாவிட்டால் டயர் அதன் மேல் ஏறி மிதக்கும், மிதக்கும்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரம். இங்கே சட்டப்படி 1.6 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும், ஆனால் நம்மூர் சாயங்கால மழைக்கு அது போதும் என்று நான் சொல்லமாட்டேன், 3 மி.மீ.க்கு வந்ததுமே அந்த டயரில் மழையில் ஓட்டுவதை நிறுத்திவிடுவேன். மழைக்கென்றே தனி டயர் வைத்திருக்கும் ஃபார்முலா 1 ஓட்டுநர்களே 2009-இல் சிப்பாங் மழையில் தவித்து, 56 சுற்றுப் பந்தயம் 31 சுற்றோடு முடிந்து, பாதிப் புள்ளிகள்தான் கிடைத்தன. உங்கள் மகன் காரில் அந்த மழை டயர்கூட இல்லை.

செமி-ஸ்லிக்கை இன்னொரு செட் ரிம்மில் போட்டு, அங்கே போய் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு வீல் நட்டை, அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நைட்ரஜன் அடித்தால் அழுத்தம் ஏறாதாமே?
*புக்கிட் பாத்தோக் வாசகர்*

ஏறும். நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வித்தியாசம் ஈரம், கம்ப்ரசரில் தண்ணீர் தேங்கியிருந்தால் அது டயருக்குள் போய் ஆவியாகி அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றும், நைட்ரஜன் உலர்ந்தது என்பதால் ஏற்றம் கணித்தபடி இருக்கும். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள். காசு கேட்டால், அந்தக் காசில் நல்ல அளவுகோல் ஒன்று வாங்குங்கள்.

பந்தயத்தில் ஓடிய பழைய ஸ்லிக் மலிவாகக் கிடைக்கிறது. ரப்பர் நிறைய மிச்சம் இருக்கிறது. வாங்கலாமா?
*பொங்கோல் வாசகர்*

ரப்பர் மிச்சம் இருக்கும், உயிர் மிச்சம் இருக்காது. ஒவ்வொரு முறையும் சூடாகி ஆறும்போது ரப்பர் கொஞ்சம் இறுகும், அதை ஹீட் சைக்கிள் என்பார்கள். பல சைக்கிள் பார்த்த ஸ்லிக், பார்க்க முழுசாக இருந்தும் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதியவில்லை என்றால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். பதிந்தாலும், ஸ்லிக்கின் பிடிமானத்துக்கு உங்கள் கார் தயாரா என்று ஒரு கேள்வி இருக்கிறது. நீண்ட வளைவில் எஞ்சின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப்புக்கு எட்டாமல் போவது சாதா காரில் நடக்கும். டயரில் மிச்சம் பிடித்து எஞ்சினில் விட்ட ஒருவரோடு நான் இழுவை வண்டியில் திரும்பி வந்திருக்கிறேன், வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான்கு டயர்களை வீட்டுக்குள் வைக்க மனைவி விடமாட்டேன் என்கிறார். காரிடாரில் வைக்கலாமா?
*தோ பாயோ வாசகர்*

கூடாது, அங்கே நகர மன்றம் விடாது. நன்றாகக் கழுவி, காயவைத்து, கறுப்புப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மின்மோட்டார் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், அதில் கிளம்பும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். என்னுடையது வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்ட்டர் அறையில் இருக்கிறது, அரிசி மூட்டைக்கும் தீபாவளிப் பாத்திரங்களுக்கும் பின்னால். அந்த இடத்தைப் பேசி வாங்க எனக்கு மூன்று மாதம் ஆனது, நீங்களும் இப்போதே ஆரம்பியுங்கள்.