மொட்டை முகட்டில் ஒரு நாள்

கேள்வி: அக்டோபரில் ஒரு நாள், மரங்களே இல்லாத நீண்ட மலைமுகடு ஒன்றில் நடக்கலாம் என்று நாங்கள் நான்கு பேர் பேசிவைத்திருக்கிறோம். மொத்தம் 16 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். வானிலை அறிக்கையோ நாளுக்கொன்று சொல்கிறது. மணிக்கு மணி திட்டம் வேண்டும் என்கிறாள் தோழி. 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்கிறார் என் கணவர். எனக்கு இரண்டுமே பாதிதான் சரி என்று தோன்றுகிறது. எப்படித் திட்டமிடுவது?
– வாசகி ஒருவர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்குத் தோன்றியதுதான் சரி. உங்கள் கணவர் 'அங்கே போய்' என்கிறாரே, அந்த 'அங்கே' எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று மணி நேரம் ஏறி வந்த களைப்பு. காற்று காதை அடைக்கிறது, பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. வரைபடத்தை விரித்தால் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. விரல் மரத்துப்போய் ஜாக்கெட் ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை. அந்த நிலையில் நான்கு பேர் கூடி யோசித்து நிதானமான முடிவு எடுத்ததை நான் பார்த்ததே இல்லை. யாராவது ஒருவர் 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்பார், மற்ற மூவரும் பின்னால் போய்விடுவார்கள். அதனால் மேலே எடுக்க வேண்டிய முடிவுகளில் முக்கால்வாசியை வீட்டில் உட்கார்ந்தே எடுத்துவிடுங்கள். மேலே போனபின் கடிகாரத்தையும் வானத்தையும் பார்த்து, ஏற்கெனவே பேசிவைத்ததில் எதைச் செய்வது என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

இதில் பெரிய முடிவு, பாதையின் வடிவம். ஒரு பக்கம் ஏறி மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்குவது பார்க்க அழகான திட்டம். ஆனால் வண்டியை மறுமுனையில் நிறுத்திவிட்டீர்கள் என்றால், திரும்பும் வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள். பல வருடங்களுக்கு முன் நாங்கள் அப்படித்தான் ஏறினோம். முகட்டின் நடுவில் காற்று வலுத்தது. திரும்புவதுதான் சரி என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் வண்டி அந்தப் பக்கம் காத்திருந்தது, ஃபோனில் சிக்னல் இல்லை. மேலும் நடந்தோம். கடைசி ஒரு மணி நேரம், குனிந்து, ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தது இன்றும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து இலையுதிர் காலத்தில் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும் பாதை, இல்லையென்றால் போன வழியே திரும்பும் பாதை, இந்த இரண்டைத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

சரி, பாதை முடிவானதும் வரைபடத்தில் இறங்கும் வழிகளைக் குறியுங்கள். முகட்டிலிருந்து பக்கவாட்டில் பிரிந்து இறங்கும் கிளைமுகடுகள் இருக்கும். அவற்றில் உயரக்கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து வரைபடத்தில் போடும் கோடுகள்) இடைவெளிவிட்டு இருந்தால் சரிவு மென்மை, நெருக்கியடித்து நின்றால் செங்குத்து. நல்ல பாதை உள்ள இரண்டு மூன்று கிளைகளை மட்டும் குறித்தால் போதும். ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் எப்படியும் கீழே போய்விடலாம் என்று பலர் நம்புகிறார்கள். மலையில் அது ஆபத்தான நம்பிக்கை. ஓடை அருவியாகப் பாறையிலிருந்து விழும், பின்னால் வரும் நீங்கள் விளிம்பில் நிற்பீர்கள். இன்னொன்று: ஏறும்போது கிளைமுகடுகள் எல்லாம் ஒன்று சேர்ந்து உச்சிக்கே கொண்டுபோகும். இறங்கும்போது அவையே பிரிந்து பிரிந்து போகும், மூடுபனியில் தவறான கிளையில் கால் வைப்பது மிகச் சுலபம். அதனால் குழப்பமான, பாறைப்பாங்கான பக்கத்தில் ஏறுங்கள். அகலமான, தெளிவான பாதையை இறங்க வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் தோழி கேட்கும் மணிக்கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன விதி இன்றும் புழங்குகிறது. இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு அது கிட்டத்தட்ட 4 மணி 40 நிமிடம் என்று வரும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நிற்காமல் நடக்கும் திடமான ஆளுக்கான கணக்கு. நால்வர் குழுவுக்கு அதில் பாதியைக் கூட்டி 7 மணி நேரம் என்று வையுங்கள். காலை 8 மணிக்குக் கிளம்பினால் 3 மணிக்கு முடியும். சூரியன் 5.30-க்கு மறைகிறது என்றால் கையில் இரண்டரை மணி நேரம் மிச்சம். உங்கள் திட்டம் வளைந்துகொடுக்கப்போவது இந்த மிச்சத்தில்தான். 10 மணிக்குக் கிளம்பினால் எவ்வளவு புத்திசாலித்தனமான மாற்று வழி வைத்திருந்தாலும் அதைப் பயன்படுத்த நேரம் இருக்காது. பிறகு, குறித்த ஒவ்வொரு இறங்கும் இடத்துக்கும் ஒரு நேரம் எழுதுங்கள்: 'கணவாய்க்கு 12.30-க்குள் வரவில்லை என்றால் இங்கேயே இறங்குகிறோம்.' யார் மனமும் நோகாது, ஏனென்றால் அதைச் சொல்வது கடிகாரம்.

பயணத்தைத் தள்ளிப்போட்டால் இந்தக் கணக்கையும் திருத்த வேண்டும். பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் 22, 23-ஐ ஒட்டிய வாரங்களில், வடக்கே 45 பாகை அட்சரேகையை ஒட்டிய மலைகளில் பகல் நாளுக்கு மூன்று நிமிடம் குறைகிறது. மூன்று வாரம் தள்ளினால் ஒரு மணி நேரம் போச்சு.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மொட்டை முகட்டில் ஆளைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அதுதான். மழையில் நடந்துவிடலாம், காற்றில் முடியாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று தொல்லை, 80 ஆனால் நிற்பதே கஷ்டம். கணவாய்களில் இரு பக்க மலைக்கும் நடுவே நெருக்கப்பட்டு இன்னும் வேகமாக வரும். குளிர் வேறு: 5 டிகிரி வெப்பநிலையில் 40 கிலோமீட்டர் காற்றடித்தால் முகத்தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே போன மாதிரி. நான் பார்க்கும் முறை இது. சுற்றுப்பாதை என்றால் முகட்டில் நடக்கும் நீண்ட பகுதியில் காற்று முதுகில் அடிக்கும்படி திசையை வைப்பேன். போன வழியே திரும்புவது என்றால் நேர்மாறு, முதலில் எதிர்காற்றில் போவேன். தெம்பு இருக்கும்போதே கஷ்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும், திரும்பும்போது காற்று பின்னாலிருந்து உதவும். காற்று முதுகில் தள்ளத் தள்ள சுகமாகப் போய்விட்டு, திரும்பி முகம் கொடுக்கும்போதுதான் பலருக்கு அதன் பலம் புரிகிறது.

வானிலை அறிக்கையில் அடிவாரத்து ஊருக்கான சூரியப் படத்தையும் மேகப் படத்தையும் நம்பாதீர்கள். உச்சியின் உயரத்துக்கான காற்று வேகம், சுழன்றடிக்கும் உச்ச வேகம், மேகம் எந்த உயரத்தில் நிற்கும், இந்த மூன்றையும் பாருங்கள். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், அடிவாரத்து 14 டிகிரி உங்கள் முகட்டில் 8 ஆகிவிடும். முடிந்தால் ஒரே நாளைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் இரண்டு மூன்று நாட்களை ஒதுக்கிவைத்து, முந்தைய நாள் மாலை அறிக்கையைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எல்லாமே மோசம் என்றால் முகட்டை விட்டுவிட்டு, அதே மலையின் காட்டுப்பாதையில் நடக்க ஒரு இரண்டாவது திட்டமும் இருக்கட்டும். இலையுதிர் காலக் காடு அதற்கு முழுத் தகுதி உள்ளது. நனைந்த சருகு மட்டும் வழுக்கும், அடியில் கல்லோ வேரோ தெரியாது, இறக்கத்தில் கவனம்.

கொண்டுபோவதில் நான் விட்டுக்கொடுக்காதவை: ஆளுக்கொரு ஹெட்லேம்ப், காற்று புகாத ஜாக்கெட், ஒரு ஜோடி உபரிக் கையுறை, விசில். முகட்டில் தண்ணீர் கிடைக்காது, கோடை முடிந்து ஊற்றுகளும் வற்றியிருக்கலாம், அதனால் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஃபோனை உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும். ஜாக்கெட்டைக் கடைசி மரத்தடியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், முகட்டுக்கு வந்தபின் போட நினைத்தால் நான் முதலில் சொன்ன ஜிப் கதைதான். பெரிய திட்டம், சின்னத் திட்டம் இரண்டையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, எத்தனை மணிக்குள் ஃபோன் வராவிட்டால் அவர் மீட்புக்குழுவைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு: ஐரோப்பிய மலைகளில் இதுதான் ஆபத்துக் குறி. வட அமெரிக்காவில் மூன்று முறை.

அப்புறம், அன்று விடிகாலையில் ஜன்னலைத் திறந்ததும் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக மூடுபனி சூழ்ந்திருந்தால் உடனே பயணத்தை ரத்து செய்துவிடாதீர்கள். காற்றில்லாத இலையுதிர் கால இரவுகளில் குளிர்ந்த காற்று கீழே தங்கிவிடும், மேலே வெயிலடிக்கும். அறிக்கை உயர் அழுத்தம் (பெரும்பாலும் அமைதியான, தெளிந்த வானிலை) என்று சொல்லியிருந்தால் கிளம்பிப்போய், மரங்கள் முடியும் இடம்வரை ஏறிப் பாருங்கள். பனியைத் தாண்டி வெளியே வந்தால் கீழே மேகக்கடல், அதில் தீவுகளாகப் பக்கத்து உச்சிகள். சூரியன் தாழ்வாக முதுகுக்குப் பின்னால் இருந்து, முன்னால் கீழே மேகம் இருந்தால், மேகத்தின் மேல் உங்கள் நிழலே பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரியலாம். ஜெர்மனியின் புரோக்கன் மலையின் பெயரால் அதைப் 'புரோக்கன் பூதம்' என்பார்கள். நால்வரும் வரிசையாக நின்றாலும் ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும்.