சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ், ஓரியன்ட் பம்பினோ: முதல் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரமாக எதை வாங்கலாம்?

அன்றாடம் கட்டிக்கொள்ள ஒரே ஒரு ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும்) கடிகாரம் தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: சீக்கோவை வாங்குங்கள். இரண்டையும் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிக் கட்டி வருபவன் நான். பம்பினோ மீது எனக்கு வெறுப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். அழகில் அதுவே ஒரு படி மேல். பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால், குவிந்த கண்ணாடியின் விளிம்பில் மணிக்கோடுகள் வளைந்து நீள்வது கண்ணை விட்டு அகலாது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் 30 மீட்டர் நீர்த்தாங்கு திறன், தெறிக்கும் தண்ணீருக்கு மட்டுமே போதுமானது. சீக்கோவின் 42.5 மி.மீ. மாடல்களுக்கு அது 100 மீட்டர் என்பதால், கட்டியபடியே நீந்தலாம்.

கடிகாரம் நாளுக்கு எத்தனை வினாடி பிசகும் என்பதில்தான் பலரும் சண்டையிடுகிறார்கள். சீக்கோவின் 4ஆர்36 இயந்திரம் நாளொன்றுக்கு 45 வினாடி வரை முந்தலாம், 35 வினாடி வரை பிந்தலாம் என்கிறது நிறுவனம். பம்பினோவின் எஃப்6724 இயந்திரத்துக்கு அந்த வரம்பு 25, 15. இவை வரம்புகள் மட்டுமே; கைக்கு வரும் கடிகாரம் எப்படி ஓடும் என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும், இரவில் அதை எந்தப் பக்கமாகக் கிடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். இரண்டுமே மணிக்கு 21,600 முறை துடிப்பவை. இரண்டுக்கும் கையாலும் சாவி கொடுக்கலாம். நேரம் மாற்றும் பக்கத் திருகை வெளியே இழுத்தால் இரண்டிலும் வினாடி முள் நின்றுவிடும். ஆகவே இந்த எண்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் பம்பினோ திடீரென நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தத் தொடங்கியபோது, பழுது பார்ப்பவர் ஒருவர் பின்மூடியைக்கூடத் திறக்காமல், இயந்திரத்தையே மாற்ற வேண்டும் என்றார். நான் ஒப்புக்கொள்ளாமல் வீட்டுக்கு எடுத்துவந்து, ஒரு சிறு திசைகாட்டியை அதன் அருகே வைத்தேன். முள் வடக்கை விட்டுக் கடிகாரத்தின் பக்கம் திரும்பியது. ஸ்பீக்கர் போன்றவற்றின் காந்தம் ஏறிவிட்டால், ஓட்டத்தைச் சீராக்கும் ஹேர்ஸ்பிரிங் என்ற சுருள்வில்லின் மெல்லிய சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் நீளம் குறைந்ததுபோலாகி ஓட்டம் வேகமெடுக்கும். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடிகள் காட்டியதும் பழையபடி ஓடியது. இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல், விவரம் அறியாதவர்களின் பணத்தைக் கறக்கும் வழக்கம் எனக்கு இன்றும் ஆறாத கோபம். நீங்கள் எதை வாங்கினாலும் இது நேரலாம்.

முழுக்கைச் சட்டையோடு மட்டுமே கட்டப்போகிறீர்கள் என்றால் என் பதில் மாறும்: 42.5 மி.மீ. சீக்கோவின் தடிமன் 13 மி.மீ.க்கு மேல், சட்டைக் கையின் விளிம்பில் இடிக்கும். பம்பினோ வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அப்போது பம்பினோவையே வாங்குங்கள். வாங்குமுன் வாரின் அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 40.5 மி.மீ. பம்பினோக்கள் பலவற்றில் அது 21 மி.மீ.; 20, 22 அளவு வார்கள் கிடைப்பதுபோல அது எளிதில் கிடைப்பதில்லை.