எம்.எல்.ஏ. இடம் காலி: இடைத்தேர்தல் கேட்க ஊர்ப் பணம் வேண்டுமா?

கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ. இறந்து ஐந்து மாதமாகிறது. இடைத்தேர்தல் பேச்சே இல்லை. உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தேர்தலை வரவழைப்பதாகச் சொல்லி, ஒருவர் வீட்டுக்கு 200 ரூபாயும் வாக்காளர் அட்டை நகலும் வாங்குகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணம் போனால் 200 ரூபாயோடு போகும். அட்டை நகலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இடம் காலியான தொகுதிக்குத் தேர்தல் அதிகாரிக்கு முன்பே இப்படிப்பட்டவர்கள் வந்துவிடுகிறார்கள். பெயர், கதவு எண், கைபேசி எண்ணோடு வீடுவாரியாக ஒரு பட்டியல் கையில் இருந்தால், பணப் பட்டுவாடா செய்பவர்களிடம் அதற்கு நல்ல விலை உண்டு.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவுப்படி, இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். ஆக, உங்கள் ஊரில் கெடு இன்னும் முடியவில்லை. மனம் வைத்தால் தேர்தல் ஆணையத்தால் முடியும்: ஈரோடு கிழக்கு 2023 ஜனவரி 4 அன்று காலியானது, பிப்ரவரி 27 அன்று வாக்குப்பதிவே முடிந்துவிட்டது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உறுப்பினரின் பதவிக்காலத்தில் ஓராண்டுக்கும் குறைவாகவே மீதி இருந்தால் இந்தக் கெடு பொருந்தாது. பேரவையின் ஐந்தாண்டு அதன் முதல் கூட்ட நாளில் தொடங்குகிறது, வாக்கு எண்ணிக்கை நாளில் அல்ல. மீதியை இடம் காலியான நாளிலிருந்து பார்ப்பதே ஆணையத்தின் வழக்கம்; நீங்கள் மனு எழுதும் நாளிலிருந்து அல்ல. சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி 2020 ஜூனில் காலியானது, பேரவைக்கு 2021 மே வரைதான் ஆயுள். அங்கே கேட்க ஒன்றுமில்லை. குடியாத்தம் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே காலியானது, ஓராண்டுக்கு மேல் மீதி இருந்தது. கேட்க உரிமை இருந்தும், கொரோனாவைச் சொல்லிப் பொதுத்தேர்தல் வரை இழுத்துவிட்டார்கள்.

‘இப்போது நடத்துவது கடினம்’ என்று மத்திய அரசைக் கலந்து ஆணையம் சான்றளித்தாலும் கெடு தளரும். எனக்கு எரிச்சலூட்டுவது இந்த ஓட்டைதான். ஆணையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். “ஏன் தேர்தல் நடத்தவில்லை?” என்று எழுதினால் மழுப்பலான பதில்தான் வரும். எங்கள் தொகுதிக்கு 151ஏ பிரிவில் சான்று அளிக்கப்பட்டதா, அளிக்கப்பட்டிருந்தால் அதன் நகல் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதனால் மனு இந்த வாரமே போகட்டும்.

கெடு தாண்டினால் நீதிமன்றம் போகலாம். அதற்கு ஊர் முழுக்கக் கையெழுத்து வேண்டாம், ஒரு வாக்காளர் போதும். 2023 மார்ச்சில் காலியான புனே மக்களவைத் தொகுதிக்காக ஒருவர்தான் வழக்குப் போட்டார். உடனே தேர்தல் நடத்தும்படி டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பொதுத்தேர்தல் வரை புனேவுக்கு எம்.பி. கிடையாது. ஒழுங்காக நடத்திய வழக்கின் கதியே இதுதான் என்றால், வீட்டுக்கு 200 ரூபாய் வாங்குபவர் எந்தத் தேதியில் தேர்தலை வரவழைப்பார் என்று அவரிடமே கேட்டுப்பாருங்கள்.