கர்ப்பிணி ஆன்டிபயாட்டிக் சாப்பிடலாமா? டாக்டர் பதில்கள்

கேள்வி: எனக்கு இது ஐந்தாம் மாதம். சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்ததால் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) பார்த்தார்கள். ஈ.கோலை கிருமி என்று வந்தது. டாக்டர் செஃபுராக்ஸிம் மாத்திரை ஏழு நாளுக்கு எழுதிக் கொடுத்தார். என் மாமியார், "வயித்துல புள்ளைய வெச்சிக்கினு இவ்ளோ பவர் மாத்திரை போடாதம்மா, பார்லித் தண்ணி குடி, சூடு தணிஞ்சிடும்" என்கிறார். இரண்டு நாள் போட்டதுமே எரிச்சல் குறைந்ததால் நிறுத்திவிட்டேன். மீதியைப் போட வேண்டுமா? என் கணவருக்கு வாங்கிய நார்ஃப்ளாக்ஸசின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக் வீட்டில் இருக்கிறது, அது பரவாயில்லையா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இதழ் வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால் ஆசிரியர் குழு மூலம் முன்பே சொல்லி அனுப்பிவிட்டேன். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் நடுவில் விட்டதைச் சொல்லுங்கள். அவர் சொல்கிறபடி முழுசாகப் போட்டு முடியுங்கள். கணவரின் மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

உங்கள் மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. ராயபுரத்தில் என்னிடம் வரும் கர்ப்பிணிகளில் பலருக்கும் இதே பயம்தான். ஆனால் மாத்திரையைப் பற்றிப் பயப்படும் அளவுக்குக் கிருமியைப் பற்றி யாரும் பயப்படுவதில்லையே! கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீர்க்குழாய்களைத் தளர்த்திவிடும். வளரும் கர்ப்பப்பையும் அவற்றை அழுத்தும். சிறுநீர் தேங்கும், கிருமி மேலே ஏறும். சிகிச்சை இல்லாமல் விட்டால் நூறில் 25 பேருக்குக்கூடச் சிறுநீரகம் வரை தொற்று போகலாம். குறைமாதப் பிரசவத்தில் போய் முடிகிற ஆபத்தும் உண்டு. ஒரு மாத்திரைக்குப் பயந்தவர், ஆஸ்பத்திரியில் படுத்து ஊசியாகவே ஆன்டிபயாட்டிக் ஏற்றிக்கொள்ள நேரும். எரிச்சல் குறைந்ததால் கிருமி ஒழிந்துவிட்டது என்று ஆகாது.

உங்களுக்குக் கொடுத்த மருந்து செஃபலோஸ்போரின் வகை. அதுவும் பென்சிலின் வகையும் பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பழகியவை. பென்சிலின் 1940களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. அதற்காக எல்லா ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றல்ல. டாக்சிசைக்ளின் வகை மருந்துகள் நடு மாதங்களிலிருந்து குழந்தையின் பற்களில் கறையை ஏற்படுத்தலாம். ட்ரைமெத்தோப்ரிம் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதால் முதல் மூன்று மாதம் கூடாது. நைட்ரோஃபுரான்டாயின் நடு மாதங்களில் நல்ல மருந்து, பிரசவம் நெருங்கும்போது தவிர்ப்போம். நார்ஃப்ளாக்ஸசின் வகை, குட்டி விலங்குகளின் குருத்தெலும்பைப் பாதித்தது. மனிதக் குழந்தைகளில் அப்படி உறுதியாகவில்லை. ஆனாலும் பாதுகாப்பான மாற்று கையில் இருக்கும்போது அது எதற்கு?

இன்னொன்று. பலர் என்னிடம் காட்டுவது கத்தரித்த அட்டைத் துண்டு. பெயர் இருந்த பக்கம் கடையிலேயே போயிருக்கும், வெள்ளித்தாளில் நாலு மாத்திரை மட்டும் மிச்சம். எது என்று நான் எப்படிச் சொல்வது? பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி கேட்டு வாங்குங்கள், பில்லையும் வையுங்கள்.

பார்லித் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், மாத்திரையோடு. காசிமேட்டில் விடியற்காலையிலிருந்து மீன் விற்கும் பெண்கள், பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கும் ஒண்டுக் குடித்தனப் பெண்கள், போக இடமில்லையே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். கர்ப்பிணி அடக்கி வைக்கவே கூடாது. வீட்டில் இருப்பவர்கள்தான் அவளுக்கு வழி செய்து தர வேண்டும்.

முன்பு எந்த மருந்துக்காவது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப் பக்கம் வலி, வாந்தி, வயிறு இறுக்கிப் பிடிப்பது, இதில் எது வந்தாலும் ராத்திரி என்றும் பார்க்காமல் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், வண்டி இல்லையென்றால் 108. மாத்திரை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி கல்ச்சர் பார்க்க வேண்டும். அன்றைக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள், அவர் கேட்க நினைப்பதை டாக்டரிடமே கேட்கட்டும்.