மூன்றாவது வாரத்திலும் அதே கால்

பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயத்தை ஜெயிக்க என்னதான் வேண்டும்? டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: ஒரு நாள்கூட முதலிடம் வராத ஆள் டூர் டி பிரான்ஸை ஜெயித்திருக்கிறார் என்று என் பேரன் அடித்துச் சொல்கிறான். அதெப்படி?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பேரன் சொல்வது சரிதான். 1990-இல் அமெரிக்காவின் கிரெக் லெமாண்டும் 2017-இல் பிரிட்டனின் கிறிஸ் ஃப்ரூமும் ஒரு கட்டத்தில்கூட (ஒரு நாள் ஓட்டம்தான் ஒரு கட்டம்) முதலாவதாக வராமல் பட்டத்தை எடுத்தவர்கள். மொத்தம் 21 கட்டங்கள், இடையில் 2 ஓய்வு நாட்கள், ஏறக்குறைய 3,400 கி.மீ. ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டி, யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கே மஞ்சள் ஜெர்சி. சமதளத்தில் நூறு பேர் ஒரே கும்பலாக வந்து சேர்ந்தால் நூறு பேருக்கும் ஒரே நேரம்தான். முதல் மூவருக்கு மட்டும் 10, 6, 4 வினாடிகள் கழித்துக்கொடுப்பார்கள். மலையில் ஒரு நாள் கால் ஓய்ந்துவிட்டால் இழப்பு நிமிடக் கணக்கில் போகும். 2022-இல் ஆல்ப்ஸ் மலையின் கொல் டு கிரானோன் ஏற்றத்தில் ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சார் ஒரே மாலையில் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோரிடம் 2 நிமிடம் 51 வினாடி இழந்தார். அந்த ஆண்டுப் பட்டமும் விங்கெகோருக்கே போனது. ஆகவே ஒருவருடைய மிகச் சிறந்த நாள் எப்படி இருந்தது என்று நாங்கள் முதலில் பார்ப்பதில்லை. மிக மோசமான நாளில் எவ்வளவு இழந்தார் என்றுதான் பார்ப்போம்.

கேள்வி: என் தம்பி மகனுக்கு வயது 19, எடை 72 கிலோ. வீட்டுக்குள் சைக்கிளைப் பொருத்தி மிதிக்கும் டிரெய்னரில் 20 நிமிடம் 280 வாட் மிதிக்கிறான். தேறுவானா?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

வாட் என்பது கால் தரும் சக்தியின் அளவு. 20 நிமிட எண்ணில் 5 சதவீதத்தைக் கழித்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் அளவு கிடைக்கும்: 266 வாட். அதை 72-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 3.7. முறையான பயிற்சி இல்லாத பையனுக்கு இது நல்ல எண். டூரில் முன்வரிசை ஆட்கள் அரை மணி நேர ஏற்றத்தில் கிலோவுக்கு 6 வாட்டுக்கு மேல் தருகிறார்கள். அது ஏன் அவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆள் 65 கிலோ, சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 9 கிலோ, ஏற்றம் 8 சதவீதம், வேகம் மணிக்கு 20 கி.மீ. எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் 320 வாட் தேவை. காற்றையும் டயர் உராய்வையும் சேர்த்தால் 370-ஐத் தாண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பையனைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். வேகமாக எடையைக் குறைத்தால் தசையும் கரையும், வாட்டும் கூடவே இறங்கும். எடை குறையும், வகுத்து வரும் எண் மட்டும் நகராது.

அந்த 280 வாட் ஓய்வெடுத்த காலில் வந்ததா, களைத்த காலில் வந்ததா? எங்களுக்கு இதுதான் முக்கியம். தொடர்ந்து மூன்று நாள் சோதனை வையுங்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஓட்டம், அதற்குள் 20 நிமிடக் கடும் மிதி இரண்டு முறை. சனிக்கிழமை நான்கு மணி நேரம், பேசிக்கொண்டே மிதிக்கும் வேகத்தில். ஞாயிறு மறுபடியும் வெள்ளிக்கிழமைப் பாடம். ஞாயிறு வாட் 5 சதவீதத்துக்குள் குறைந்திருந்தால் பையனிடம் விஷயம் இருக்கிறது. 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காலைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் சாப்பாடோ தூக்கமோ போதாமல் இருக்கும். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித் துடிப்பை எண்ணிக் குறித்து வரச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட 8, 10 கூடியிருந்தால் அன்று கடும் பயிற்சி வேண்டாம்.

கேள்வி: எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம்தான். மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு மலைக்குத் தயாராக முடியுமா?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பெரும்பகுதி முடியும். உங்கள் மலை காற்றுதான். ஆடி மாதத்தில் மேற்கே கும்பகோணம் நோக்கி மிதித்துப் பாருங்கள். எதிர்காற்று 15 கி.மீ., உங்கள் வேகம் 25 கி.மீ. என்றால், காற்றில்லாத நாளில் 40 கி.மீ. வேகத்தில் போகிறவர் சந்திக்கும் தடையை நீங்கள் சந்திக்கிறீர்கள். நிறுத்தம் இல்லாமல் 20 நிமிடம் அழுத்தி மிதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. லாரி, பஸ் ஓடும் பெரிய சாலையை விட்டுவிட்டு ஆற்றங்கரைச் சாலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காற்றும் மலையும் காலுக்கு ஒன்றல்ல. சமதளத்தில் பெடல் உச்சிக்கும் அடிக்கும் வரும் இடத்தில் கால் சற்றுச் சோம்பினாலும் ஓடும் வேகம் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஏற்றத்தில் அந்தக் கணத்திலேயே சைக்கிள் தயங்கும். கால் முழுச் சுற்றுக்கும் வேலை செய்தாக வேண்டும். இதற்குப் பெரிய கியர் பயிற்சி: இருக்கையை விட்டு எழாமல், நிமிடத்துக்கு 55 முதல் 60 சுற்று, 8 நிமிடம். நான்கு நிமிடம் லேசாக மிதித்துவிட்டு மறுபடி. மொத்தம் நான்கு முறை, வாரத்துக்கு ஒரு நாள். முதல் இரண்டு வாரம் 5 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்ந்திருக்கும். குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே இறக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒருபக்கம் சாயக் கூடாது.

மாதத்துக்கு ஒரு முறையாவது உண்மையான மலைக்குப் போய்வாருங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைப் போலவே இறங்கவும் அங்கே கற்றுக்கொள்ளலாம். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும், வெளிப்பக்கப் பெடல் கீழே, பார்வை வளைவு முடியும் இடத்தில். ஏற்றத்தில் அரும்பாடுபட்டுப் பெற்ற அரை நிமிடத்தை இறக்கத்தில் பயந்து விட்டுக்கொடுப்பவர்கள் நிறைய.

ஒரு எச்சரிக்கை. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் டயர் வழுக்கும். வேகத்தைக் குறைத்து, கைப்பிடியைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று மணி நேரம் நன்றாக ஓட்டும் என் மகன் நாலாவது மணியில் திடீரென்று சுருண்டுவிடுகிறான். என்ன கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பசிதான் காரணமாக இருக்கும். பசி தெரிவதற்கு முன்பே சாப்பிட வேண்டும். தேர்ந்த வீரர்கள் மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து எடுக்கிறார்கள். வயிற்றுக்கும் பயிற்சி தேவை என்பதால் உங்கள் மகன் 40 கிராமில் தொடங்கி வாரம் 10 கிராமாகக் கூட்டட்டும்.

விலை உயர்ந்த பொடி வாங்க வேண்டாம். 750 மி.லி. பாட்டிலில் 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. சர்க்கரை என்பதே பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குடல் இரண்டையும் வெவ்வேறு வழியில் உள்ளே எடுப்பதால் தனிக் குளுக்கோஸைவிடக் கூடுதலாகச் செரிக்கும். 60 கிராமை ஒரே மூச்சில் குடித்தால் வயிறு பிசையும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடக்கு போதும். கூடவே மணிக்கு ஒரு வாழைப்பழம்.

புறப்பட மூன்று மணி நேரம் முன்பு இட்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை. வெண்பொங்கல் வேண்டாம், நெய்யும் முந்திரியும் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். டிகிரி காபிக்குத் தடையில்லை.

திரும்பி வந்த அரை மணிக்குள் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து. 60 கிலோ பையனுக்கு அது 200 கிராமுக்குச் சற்று மேல் வடித்த சோறு. தயிர் ஊற்றிப் பிசைந்து கொடுங்கள். மறுநாள் ஓட்டம் இந்தத் தட்டில்தான் ஆரம்பிக்கிறது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். 60 கிலோவில் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீர் போதவில்லை.

கேள்வி: மலையேறத் தெரிந்தால் போதாதா? தனியாக ஓட்டும் டைம் டிரையலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

அங்கே காற்றுக்கு மறைவாக, பின்னால் ஒதுங்கிப் போக ஆள் கிடையாது. 40 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே போகிறது. 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூரை வென்ற ஸ்பெயின் வீரர் மிகேல் இந்துராயின் சுமார் 80 கிலோ எடைகொண்ட ஆள். டைம் டிரையலில் நிமிடங்களைச் சேர்த்துக்கொண்டு, மலையில் எதிரிகளை விடாமல் ஒட்டிக்கொண்டே போவார். 1989 டூரில் கடைசி நாள் வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. டைம் டிரையல். லெமாண்ட் 50 வினாடி பின்னால் இருந்தார். முன்னோக்கி நீண்ட கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டுடன் ஓட்டினார். முன்னிலையில் இருந்த பிரான்ஸின் லோராங் ஃபின்யோன் வெறுந்தலையில், குதிரைவால் முடி காற்றில் பறக்க ஓட்டினார். 3,200 கி.மீ.க்கு மேல் ஓடிய பந்தயத்தை லெமாண்ட் 8 வினாடியில் ஜெயித்தார்.