இங்கிலாந்தில் லண்டனைத் தவிர, வரலாற்றுக்காக எந்தச் சின்ன ஊரைப் பார்க்கலாம்?

லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு எல்லாம் பார்த்தாயிற்று, கூட்டமில்லாத பழைய சந்தை ஊர் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தெட்ஃபோர்டைச் சொல்வேன். கேம்பிரிட்ஜிலிருந்து நார்விச் போகும் ரயில் அங்கே நிற்கும்.

அழகான ஊர் என்று நினைத்துப் போக வேண்டாம். லண்டனின் நெரிசலைக் குறைக்க 1950களின் பிற்பகுதியில் தொடங்கி அங்கிருந்து மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அதற்காகக் கட்டிய குடியிருப்புகள்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் 11ஆம் நூற்றாண்டில் இது இங்கிலாந்தின் பெரிய ஊர்களில் ஒன்று. கொஞ்ச காலம் இந்த வட்டாரத்து ஆயரின் (பிஷப்பின்) பீடமே இங்கேதான் இருந்தது. பிறகு அது நார்விச்சுக்குப் போய்விட்டது. இன்று மிஞ்சியவை, பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் எழுப்பிய பிரம்மாண்டமான கோட்டை மேடும், எட்டாம் ஹென்றி 1540இல் மூடிய மடாலயத்தின் இடிந்த சுவர்களும்.

எனக்கு இந்த ஊர் பிடித்ததற்குக் காரணம் கோட்டை இல்லை, மனிதர்கள். அமெரிக்க விடுதலைக்கு எழுத்தால் தீ மூட்டிய தாமஸ் பெய்ன் 1737இல் பிறந்தது இங்கேதான். படித்ததும் இந்த ஊர்ப் பள்ளியில்தான். 'மனித உரிமைகள்' என்ற நூலை எழுதியதற்காக, அரச நிந்தனை வழக்கில் 1792இல் அவர் இல்லாமலேயே விசாரித்து, குற்றவாளி என்று தீர்ப்பளித்தது இங்கிலாந்து. 1964இல் கிங் தெருவில் அவருக்குச் சிலை வைத்தபோதும் ஊரில் எதிர்ப்பு இருந்தது. பொன் பூசிய சிலை. கையில் இருக்கும் அந்தப் புத்தகம் தலைகீழாக இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

அடுத்தது நமக்கு இன்னும் நெருக்கமான கதை. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கைச் சிறுவனாக இருந்தபோதே பிரிட்டிஷார் அரியணையிலிருந்து இறக்கி, கோஹினூரையும் வாங்கிக்கொண்டார்கள். 1854இல் இங்கிலாந்து வந்த அவர், 1860களில் பக்கத்து எல்வெடன் பண்ணையை வாங்கி வேட்டையும் விருந்துமாக வாழ்ந்தார். 1886இல் இந்தியா திரும்பக் கிளம்பியவரை ஏடனில் தடுத்துவிட்டார்கள். 1893இல் பாரிஸில் இறந்தார். இடையில் கிறிஸ்தவராகி, மீண்டும் சீக்கியராகத் திரும்பியிருந்தவரைப் புதைத்தது எல்வெடன் தேவாலய வளாகத்தில்! தெட்ஃபோர்டு ஆற்றுத் தீவில் அவருக்குக் குதிரைமேல் அமர்ந்த வெண்கலச் சிலை உண்டு, 1999இல் திறந்தது.

நம்மவர்கள் பலர் சிலையையும் கல்லறையையும் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஒயிட் ஹார்ட் தெரு அருங்காட்சியகத்தையும் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு. 1921இல் அதை வாங்கி ஊருக்குக் கொடுத்தவர் துலீப் சிங்கின் மகன் ஃபிரெடரிக். அப்பாவிடமிருந்து நாட்டையே எடுத்துக்கொண்டவர்களின் ஊருக்கு, அவர்களுடைய பழமையைக் காக்க மகன் வீடு வாங்கித் தருகிறார்! பழைய தேவாலயங்கள், உள்ளூர் ஓவியங்கள் என்று இந்த வட்டாரத்தின் மீது அவருக்கு உண்மையான பித்து.

அப்புறம், பஹாமாஸில் பிறந்த மருத்துவர் ஆலன் மின்ஸை 1904இலேயே மேயராக்கிய ஊர் இது. பிரிட்டனின் முதல் கறுப்பின மேயராகப் பலரும் சொல்வது இவரைத்தான்.

ஊருக்குள் எல்லாமே நடக்கிற தூரம்தான். எல்வெடன் மட்டும் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, டாக்சி பேசிக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளா என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.